மூன்றாம் நடைமேடையில் திறக்கும் பக்கம்

ஊர் வரலாற்று நூல்கள் இப்போதெல்லாம் அந்தந்த இடத்தில்தான் திறக்கின்றன. புஷ்பலீலா டீச்சரின் புத்தகத்தில் கோரைக்குளம் பற்றிய பக்கம், பேருந்து நிலையத்தின் மூன்றாம் நடைமேடையில் மட்டும் திறக்கும். அவர் உட்கார்ந்திருக்கும் பேருந்து நகர்ந்தால் மூடிக்கொள்ளும்.

ஓட்டுநர் விடாமல் ஹார்ன் அடித்தார்.

"டீச்சர், எடுக்கலாமா?" என்றார் நடத்துநர்.

"இன்னும் ஒரு பத்திதான். கொஞ்சம் பொறுங்களேன்."

"அப்போ எங்களுக்கும் கேக்குற மாதிரி படிங்க" என்றார் பின்சீட்டுக்காரர்.

டீச்சர் படித்தார். குளக்கரைக் கருவேல மரத்தில் நாரைகள் கூடு கட்டுமாம். குஞ்சுகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட ஊரில் யாரும் வெடி போடமாட்டார்களாம்.

"அந்த மரம் எங்க நின்னுச்சாம்?" என்று ஓட்டுநர் திரும்பிக் கேட்டார்.

"நம்ம வண்டி நிக்கிற இடத்துலதான்."

அவர் வண்டியை மெல்ல எடுத்தார். நிலையத்தைத் தாண்டும்வரை ஹார்னில் கை வைக்கவில்லை.