தினம் ஒரு பொரியல்

"சஹன்ல உட்கார்ந்தா கை நம்ம பக்கத்துலயே இருக்கணும், கண்ணு..."

மன்சூர் அலியின் வாப்பா சாப்பாட்டு நேரத்தில் இப்படி ஏதோ சொல்வார். கண் எங்கே இருக்கணும் என்றார் என்பது மட்டும் மன்சூருக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. இப்போது அதை யோசிக்கிற நிலையிலும் அவர் இல்லை. எதிரே காரைக்கால் டாக்டரம்மா, பக்கத்தில் தலை குனிந்த மனைவி ஜன்னத்.

"போன தடவையைவிட சர்க்கரை ஏறியிருக்கு. இப்படியே போனா ஊசிதான். சோத்துல பாதி காய் இருக்கணும்னு சொன்னேன்ல?"

"பாதி என்னங்க டாக்டர், முக்கால்வாசியே காய்தான்!"

மன்சூர் போனை நீட்டிப் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். எள் வறுத்துப் பொடித்துத் தூவிய பீன்ஸ். மிளகு போட்டு முறுக வதக்கிய பரங்கிக்காய். நாலு இறால் சேர்த்த வாழைப்பூ.

"தினம் ஒரு பொரியல். நானே செய்யறேன். சட்டியில ஒரு துணுக்கு மிஞ்சறதில்ல."

"அப்படின்னா இவங்க வேற எதையோ சாப்பிடறாங்க" என்றார் டாக்டர்.



திருமலைராயன்பட்டினத்துக்கு வண்டி திரும்பியதும் மன்சூர் ஆரம்பித்தார். 

"மறைக்காம சொல்லு. தம்ரூட்டா? அல்வாவா? எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"அல்லாமேல சத்தியமா ஒண்ணும் இல்ல மச்சான்."

"அப்ப சர்க்கரை என்ன, ஆகாயத்துலேர்ந்து இறங்குதா?"

அவருக்கு ஆத்திரம் வராமல் எப்படி இருக்கும்? ஷார்ஜாவில் அத்தனை வருஷம் பேப்பரை விரித்துத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியவர், வந்ததும் போட்ட முதல் சட்டம், ராத்திரிச் சாப்பாடு நாலு பேருக்கும் ஒரே பெரிய தட்டில், சஹனில்தான். ஜன்னத்துக்குச் சர்க்கரை என்றதும் அவளுக்குத் தனியாகச் சமைக்கலாம் என்றார். அவள் ஒப்பவில்லை.

"எனக்கு மட்டும் தனிச் சட்டியா? நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கிடக்கேன்?"

சரி, வீட்டுக்கே காய் என்று முடிவு பண்ணினார். அதுவும் வேகவைத்துக் கொட்டுகிற காய் இல்லை. நாலு கையும் தேடி வருகிற காய். அந்த விஷயத்தில் அவர் ஜெயித்துவிட்டார். கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கிப் போடுகிற மகன் அஜ்மீர், "பேண்ட் லூஸாயிடுச்சு வாப்பா" என்று பெல்ட் வாங்கினான். மகள் இஃபாத், "கடை போட்டுடலாம் வாப்பா, நான் கல்லாவுல உட்கார்றேன்" என்றாள். அவருடைய பிரஷர்கூட இறங்கியிருந்தது.

சொதப்பியது ஒரே ஒரு நாள். போன் பேசிக்கொண்டே பாகற்காயைக் கருக விட்டுவிட்டார். பிள்ளைகள் ஒரு வாயோடு முகத்தைச் சுளித்தார்கள். அதுவும் எப்படியோ தீர்ந்துபோனது.

ஊருக்கெல்லாம் நல்லதாகிறது, யாருக்காகச் செய்தாரோ அவளுக்கு மட்டும் ஏறுகிறது என்றால்?

"உம்மா பீரோவுக்கு ரெய்டு விட்டுடுவோமா?" என்றான் அஜ்மீர்.

"அவன் கட்டிலுக்கு அடியில முதல்ல விடுங்க வாப்பா" என்றாள் இஃபாத்.

மன்சூர் சிரிக்கவில்லை. இஷா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவர் சோற்றைப் பிசையவே இல்லை. ஜன்னத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சஹனில் சோறு, அதன்மேல் ஊற்றிய மீன் ஆணம். நாலு பக்கமும் நாலு குவியல் அவரைக்காய்ப் பொரியல். தேங்காயும் பூண்டும் தட்டிப் போட்டது. வாசனை வாசல்வரை போயிருந்தது.

ஜன்னத் இஃபாத்தின் காலேஜ் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு அது பாட்டுக்குப் போக, விரல் அது பாட்டுக்கு வேலை செய்தது. அவள் பக்கத்துப் பொரியலில் கொஞ்சம் இஃபாத் பக்கம் நகர்ந்தது. கொஞ்சம் அஜ்மீர் பக்கம். மிச்சம் சஹனைத் தாண்டி மன்சூர் பக்கமே வந்து சேர்ந்தது. கறி ஆக்குகிற நாளில் நல்ல துண்டெல்லாம் இப்படித்தான் வந்து சேரும்.

அவள் முன்னால் ஆணம் ஊறிய சோறு மட்டும் இருந்தது.

"ஏன் ஜன்னத் தள்ளிவிடுற?"

"எதை?"

"அந்தக் காயைத்தான்."

அவள் தன் விரலைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

"புள்ளைங்க ஆசையாத் திங்குதுங்க. நீங்களும்தான். இவ்வளவு ருசியா இருக்கறதை நான் எப்படி மச்சான் முழுசா வாயில போட்டுக்குவேன்? மாமா சொல்லுவாங்கல்ல, கண்ணு எதிர்ல இருக்கறவங்க சோத்து மேல இருக்கணும்னு."

"அதெல்லாம் சும்மா வாப்பா" என்றாள் இஃபாத், வாய் நிறைய அவரைக்காயோடு. "உம்மாவுக்கு நல்ல பொரியலே புடிக்காது. அன்னிக்குக் கருகின பாகற்காய் முழுக்க அவங்கதான் தின்னாங்க!"

"வீணாப் போவக் கூடாதுல்ல" என்றாள் ஜன்னத்.

மன்சூர் தன் பக்கம் வந்து சேர்ந்த பொரியலைப் பார்த்தார். அதைத் திருப்பித் தள்ளினார். மறு நிமிஷம் அது அஜ்மீர் பக்கம் போயிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் கொத்தவரங்காயை நறுக்கி அடுப்பில் போட்டார். உப்புப் போடவில்லை, தேங்காய் போடவில்லை. அடி லேசாகத் தீய்கிறவரை பக்கத்திலேயே நின்றார்.