தாலாட்டு ஆப்

"இன்னைக்கு உன்னக் கொல்லாம விடமாட்டேன்டி!"

பக்கத்து வீட்டில் செல்வகணேஷின் குரல். பளாரென்று ஓர் அறை. கூடவே அவன் மனைவி அஜிதாவின் அலறல்.

பேச்சிக்கு ரத்தம் கொதித்தது. ஜெயிலுக்குப் போன பாவி ஜாமீனில் வந்துவிட்டானா? வந்ததுமே பச்சை உடம்புக்காரி மேல் கைவைக்கிறானே!

சாலை பஜாருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடி, அம்மிக்குழவியால் தாழ்ப்பாளை உடைத்தாள்.

"எங்கல ஒளிஞ்சிருக்க? வெளிய வா, மண்டையப் பொளக்கேன்!"

"மெள்ள, அக்கா!" பதறினாள் அஜிதா. வேறு யாருமில்லை. தொட்டிலருகே செல்போன்தான் அலறிக்கொண்டிருந்தது. குழந்தை அயர்ந்து உறங்கியது.

"போலீஸுக்குக் குடுத்த ரெக்கார்டிங், அக்கா. ஆப்புல மழை, கடல் எல்லாம் போட்டேன், ஒறங்கல்ல. வயித்துல இருக்கும்போது தினமும் கேட்ட சத்தத்தப் போடுன்னு அந்த ஆப்புதான் சொல்லிச்சு."

செல்போனில் அடி ஓய்ந்தது. குழந்தை சிணுங்கியது.

அஜிதா மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.