பூவுக்குக் குடை

மழை பட்டால் பியோனிப் பூ தாங்காது. எங்கள் மத்சுயே ஊரில் செடிக்குப் பக்கத்தில் கம்பு நட்டுக் குடை கட்டுவார்கள். கம்பு கண்ணை உறுத்துகிறது என்று அண்ணி ஹிசாயோ பிடுங்கிப் போட்டுவிடுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் அவள் வரைந்து முடிக்கும்வரை, அண்ணன்தான் ஒதுங்கி நின்று, கையை நீட்டிக் குடை பிடிப்பார்.

"பூவுக்குக் குடை, புருஷனுக்கு மழையா?" என்று கத்துவார்.

அண்ணன் தவறிய பிறகு வந்த முதல் வசந்தம் இது. நேற்றுப் பகல் நல்ல மழை. தேநீரோடு போனேன். அண்ணி வரைந்துகொண்டிருந்தாள். தோட்டமே நனைந்து தொங்கியது. பியோனிச் செடி மட்டும் நனையவில்லை. அதைச் சுற்றி வட்டமாகத் தரை காய்ந்திருந்தது.

"அண்ணி, அங்க பாருங்க!"

"பாத்துத்தான் வரையறேன். பேச்சுக் கொடுக்காத," என்றாள், தூரிகையை நிறுத்தாமல். "பாவம், அவருக்குக் கை வலிக்கும்."