பூமயிலின் சிவப்பு

மழை இருட்டில் நான் பாடம் எடுக்கும் நான்காம் வகுப்பு மின்மினிக் காடு போலிருக்கும். விளக்குப் பட்டை கட்டாத மணிக்கட்டு ஊரில் இல்லை. புரிந்தால் பச்சை எரியும். மனசில் கேள்வி இருந்தால் சிவப்பு. கணக்குப் பாடத்தில் பூமயிலுக்கு மட்டும் எப்போதும் சிவப்புதான்.

அன்று அவளை மந்தப் பிரிவுக்குக் கூட்டிப்போக ஆய்வாளர் வந்திருந்தார். அங்கே போன பிள்ளைக்கு அப்புறம் கணக்கே கிடையாது.

"அரையைக் காலால வகுத்தா எவ்வளவும்மா?"

"ரெண்டு சார். ஆனா வகுத்தா குறையத்தானே செய்யணும்? இது ஏன் சார் கூடுது?"

பட்டை செக்கச்செவேலென்று எரிந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? புரியல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஏன் என்று கேட்டவர்களை வெளியே அனுப்பிய வகுப்புகளில் வாயை மூடிக்கொண்டு வாங்கிய பட்டம்.

"இருங்க சார். ஏய் பச்சைங்களா, அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஏன் கூடுது?"

"தலைகீழாப் போட்டுப் பெருக்கணும் டீச்சர்!"

"அது எப்படிங்கறது. நான் ஏன்னு கேட்டேன்."

ஒரு பச்சை சிவந்தது. பக்கத்தில் இன்னொன்று. கடைசி பெஞ்சு வரை சிவப்பு மெல்லப் பரவி, மழைக்கு நடுவே அறைக்குள் மட்டும் பொழுது விடிந்தது போலிருந்தது. என்னுடையதும் சிவந்தது, நான் மறைக்கவில்லை.

ஆய்வாளர் அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். துணியையும் மீறிச் சிவப்பு தெரிந்தது.

பூமயில் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள்.

"வாங்க சார், இடமிருக்கு."