சிவப்பு வராத கேமரா

"இன்னிக்கும் சிவப்பே வரலை," என்று கணினித் திரையைக் காட்டினான் கணவன். மொட்டைமாடியிலிருந்து அவன் எடுத்த படத்தில், செக்கச்செவேலென்று ஜொலிக்க வேண்டிய நட்சத்திர மேகம் சாம்பல் பூசினாற்போல் கிடந்தது.

"கேமராவில கலரைச் சரிபண்ற ஒயிட் பேலன்ஸை மாத்திப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"எல்லாம் மாத்திட்டேன். வெளிச்சம் கூட விழட்டும்னு ஐஎஸ்ஓவையும் கூட்டிட்டேன். சிவப்பைத் தடுக்கிற ஃபில்டரைக்கூட ஆறு மாசத்துக்கு முன்னாடியே உன்கிட்ட கடைக்குக் கொடுத்தனுப்பிக் கழட்டியாச்சு. இன்னும் என்னதான் பண்றது?"

மறுநாள் அந்தக் கடைக்கே போனான். மெக்கானிக் கேமராவைத் திறந்து பார்த்தார்.

"ஃபில்டர் உள்ளேயேதான் இருக்கு சார்."

"அப்போ கழட்டாமலே என்னை ஏமாத்தினீங்களா?"

"நானா? கொண்டுவந்த உங்க வீட்டம்மாதான் கழட்ட வேணாம்னு திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசனை சொன்னவள்! அவள் சொன்னதையெல்லாம் மொட்டைமாடிப் பனியில் நின்று ஒவ்வொன்றாகச் செய்துபார்த்திருக்கிறான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தான். "கூடவே இருந்து கழுத்தறுத்துட்டியே!"

அவள் மறுக்கவில்லை. "அதைக் கழட்டினா மனுஷங்க முகமெல்லாம் சிவப்பாத்தான் விழும்னு மெக்கானிக் சொன்னார். நம்ம பொண்ணை எப்பவாவது படம் எடுப்பீங்கன்னு விட்டுவச்சேன்."

"எடுக்காமலா இருக்கேன்? இப்பவே காட்டறேன் பாரு!"

கணினியில் தேடினான். வானம், வானம், மறுபடியும் வானம். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு படம் கிடைத்தது. அதில் மகளுக்கு இன்னும் பல் முளைத்திருக்கவில்லை.

பக்கத்து அறையில் மகள் வாய்விட்டு வீட்டுப்பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.