அவள் வைக்காத பாட்டு

கூட வேலை பார்க்கும் ரெஜினாவின் போனிலிருந்து அவள் தன் எண்ணுக்கே கூப்பிட்டாள்.

மடியில் கிடந்த அவளுடைய போன் அடித்தது. எடுக்கவில்லை.

காதில் பாட்டு வந்தது. ஒரு பெண்குரல்.

சொல்ல இனி ஒன்றுமில்லை, கண்ணே. சொல்ல இனி ஒன்றுமில்லை.

அவ்வளவுதான். மறுபடியும் அதே வரி.

பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பாதிப் பேர் துணிக்கட்டுகளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் தூங்கினால் தேவலை என்றுதான் இருந்தது.

காலையில் அவள் கணவர் போன் செய்திருந்தார். சண்டை போட்டுக்கொண்டு தீபாவளிக்கு முன்பே ஓசூருக்குப் போனவர். அதன்பிறகு பேச்சே இல்லை.

"நீ வெச்ச பாட்டைக் கேட்டேன். புரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

எந்தப் பாட்டு என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அவள் எந்தப் பாட்டையும் வைக்கவில்லை. ரெஜினாதான் விளக்கினாள். சிம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு அதை அழுத்து, இதை அழுத்து என்பார்களாம். தெரியாமல் எதையாவது அழுத்தினால் காலர் ட்யூன் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். கூப்பிடுகிறவர்களுக்குத்தான் கேட்கும், போன்காரிக்குக் கேட்காது. ஒரு வாரமாகவே இந்தப் பாட்டுதான் வருகிறதாம். அக்காவுக்கு இந்த வயதிலும் ஆசையைப் பார் என்று ரெஜினா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாளாம்.

அவளுடைய அண்ணன் பேசியது இப்போது விளங்கியது. முந்தாநாள் அவள் போனை எடுத்ததுமே, தப்பான முடிவு எதுவும் எடுத்துவிடாதே என்று தழுதழுத்தான். என்ன முடிவு என்று புரியாமலே சரி என்று சொல்லிவைத்தாள்.

கணவருக்கு அது மன்னிப்பாகக் கேட்டிருக்கிறது.

அவளுக்கு அலுப்பாகத்தான் கேட்டது. பாடுகிறவளும் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள் போலிருந்தது.

சண்டை எதற்கு என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. யார் முதலில் பேசுவது என்பது மட்டும்தான் பாக்கி. கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டைக்குப் பிறகும் அவள்தான் முதலில் பேசியிருக்கிறாள். சாப்பிட வாங்க என்பாள். அவரும் ஒன்றும் நடக்காதது போல வந்து உட்காருவார்.

இந்தத் தடவை அவர் வாயைத் திறக்கட்டும் என்று இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பொங்கலும் போயிற்று.

கடைசியில் அவளுக்கே தெரியாமல் இந்தப் பாட்டு முந்திக்கொண்டு பேசிவிட்டது. அவர் ஜெயித்துவிட்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை.

ரெஜினா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள். போனை வாங்கிக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தாள்.

"ஏன்க்கா, அவரு கூப்பிட்டதாலதான பாட்டே கேட்டுச்சு? அதுக்கு முன்னாடி எதுக்குக் கூப்பிட்டாராம்?"



அதுதானே. பாட்டு காதில் விழுவதற்கு முன்பே அவர் கூப்பிட்டிருக்கிறார். அவராகவே. எதையோ சொல்ல வேண்டும் என்றுதான்.

பாட்டைக் கேட்டதும் அதை விழுங்கிவிட்டார். இனி தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் வாய்வரைக்கும் வந்த சொல். அது என்னவென்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

கேட்டால் சொல்லிவிடுவார்.

அதற்கும் அவள்தான் கூப்பிட வேண்டும்.