வார்னிஷுக்கு அடியில்

பெட்டியைப் பிரித்ததும் வார்னிஷ் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. நான் வாங்கியதோ பழைய துப்பாக்கி.

துப்பாக்கி சரியாகத்தான் வந்திருந்தது. குழல், விசை எல்லாம் ஒழுங்கு. ஆனால் தோளில் ஊன்றும் மரப் பின்கட்டை இனிப்புக்கடைக் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

இணையத்தில் போட்டிருந்த படத்தில் அந்தக் கட்டை கறுத்து, கீறல் விழுந்து கிடந்தது. அதில் 'லைல்' என்று என் தம்பியின் பெயர் இருந்தது. எங்கள் அப்பா இரும்பு எழுத்து அச்சுகளை வைத்து, சுத்தியலால் தட்டிப் பதித்த பெயர். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இப்போது பெயரைக் காணோம்.

வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"பாத்தீங்களா மேடம்? யாரோ பேரெல்லாம் குத்தி அசிங்கம் பண்ணி வச்சிருந்தாங்க. நானே உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேச்சு எடுத்துட்டேன். உங்களுக்காக, சும்மாவே!"

"அந்த அசிங்கத்தைத்தாங்க நான் வாங்கினேன்."

 உடனே, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினார். முடியாது என்று போனை வைத்தேன். பழைய துப்பாக்கி விற்றுப் பிழைக்கிற மனுஷனுக்குப் பழசில் கை வைக்கக்கூடாது என்றுகூடவா தெரியாது? பாவி!

லைலுக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா இதை அவன் கையில் கொடுத்தார். மான் வேட்டை தொடங்கும் முதல் நாள் இருவரும் விடியுமுன்பே மலை ஏறுவார்கள். பென்சில்வேனியாவில் எங்கள் பக்கம் அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது.

முதல் மனைவி விட்டுப் போன வருஷம், குடித்துக் குடித்து, லைல் இதை யாருக்கோ விற்றுவிட்டான். அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் ஒரே புலம்பல். நானும் பதினொரு வருஷம் இணையத்தில் தேடினேன்.

நாளைக்கு வேட்டை தொடங்குகிறது. அவன் நுரையீரல் இருக்கும் லட்சணத்துக்கு, இந்த வருஷம் மலை ஏறுவதே கடைசி என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

இந்த மாதிரித் துப்பாக்கியை லட்சக்கணக்கில் செய்து தள்ளியிருக்கிறார்கள். பெயர் இல்லாமல் இதை நீட்டினால், என் மனசு நோகக்கூடாது என்று சிரித்தபடி வாங்கிக்கொள்வான். அதே துப்பாக்கிதான் என்று நம்பமாட்டான். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

மதியம் சாப்பிட வருகிறேன் என்றிருந்தான். மணி பத்தரை.

நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. ஊர் நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் மரத்தோடு மல்லுக்கட்டியவள். அச்சை வைத்துத் தட்டினால் மரத்தின் நார் ஆழம் வரைக்கும் நசுங்கும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அடியில் நசுங்கியது அப்படியே இருக்கும். ஆவி பட்டால் அது ஊறி, புடைத்து எழும்.

ஆக, பெயர் எங்கேயும் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறது.

நேற்றைய விருந்தில் மீந்த வான்கோழியை மேசையிலிருந்து ஒதுக்கினேன். தின்னர் ஊற்றி வார்னிஷை வழித்தேன். துண்டை நனைத்துக் கட்டையின் மேல் போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

ஒன்றும் இல்லை.

இரண்டாவது தடவையும் ஒன்றும் இல்லை.  "வாடா வெளிய!" என்று கட்டையை அதட்டினேன்.

நான்காவது தடவை துண்டை எடுத்தபோது முதல் எழுத்து விரலில் தட்டுப்பட்டது. அப்புறம் அடுத்தது. பத்து நிமிஷத்தில் லைல் முழுசாக எழுந்து நின்றான். தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

கடைசி எழுத்து கொஞ்சம் மங்கல். அதையும் விடக்கூடாது என்று இன்னொரு தடவை அழுத்தினேன்.

அப்போதுதான் அந்த எழுத்துகளுக்கு நடுவே வேறு எழுத்துகள் புடைக்க ஆரம்பித்தன. இன்னும் ஆழத்திலிருந்து, இன்னும் லேசாக. மரத்தின் ரேகை என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

வெர்னா.

என் பெயர்.

அப்பா இந்தத் துப்பாக்கியை வாங்கியபோது எனக்கு இரண்டு வயது. லைல் பிறக்க இன்னும் நாலு வருஷம் இருந்தது. பையன் பிறந்ததும் என் பெயரைத் தேய்த்து, எண்ணெய் பூசி, அதே இடத்தில் அவன் பெயரைக் குத்தியிருக்கிறார். சாகிறவரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வரேன்ப்பா என்று அழுத ஒவ்வொரு வருஷமும், பொண்ணுக்கு எதுக்கு மலையும் குளிரும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, முதலில் என்னைத்தானே நினைத்தார் என்று சந்தோஷமும் வந்து தொலைத்தது. இரண்டுக்கும் சேர்த்து அழுதேன்.

"என்னக்கா, வீடெல்லாம் ஒரே தின்னர் நாத்தம்," என்று மூச்சிரைத்தபடி லைல் உள்ளே வந்தான்.

துப்பாக்கியைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தன் பெயரைக் கட்டைவிரலால் தடவினான். பாதியில் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து தடவினான்.

கட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா... உன் பேரு மேல நான் உக்காந்திருக்கேன்."

"அறுபது வருஷமா," என்றேன். "எந்திரிச்சுக் கோட்டைப் போடு. வேட்டை லைசன்ஸ் குடுக்கிற கடையை மூணு மணிக்குச் சாத்திடுவான். மொதத் தடவையா வேட்டைக்குப் போறவங்களுக்குத் தனியா ஒரு அனுமதிச் சீட்டுத் தர்றாங்களாம். கூடவே ஒரு பழைய ஆள் வந்தாப் போதுமாம்."